லிங்க்கை நிறுத்திய மனிதர்

காலை ஆறரை மணிக்குத் துளசிராமிடம் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும், "ரோல் கால் முடியட்டும்" என்பார். இது ஹம்சவேணியின் அபிப்பிராயம். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய அனுபவத்தில் சொல்வதால் யாரும் இதை மறுத்ததில்லை, துளசிராம் உட்பட.

விளாங்குடி வீட்டில் வாசலை ஒட்டிய சின்ன அறை அவருடையது. மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அறையில் அவர் வைத்திருந்தது ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, டெல்லியிலிருந்து உரிமம் வாங்கி, சொந்த செட்டில் மற்ற உரிமக்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. காசு வாங்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. போன் செய்து சொல்லும் அளவுக்கு முக்கியமான குடும்ப விஷயங்களைக்கூடப் பேசக் கூடாதாம். "அப்ப என்னதான் பேசுவீங்க?" என்று கல்யாணமான புதிதில் ஹம்சவேணி கேட்டாள். "நான் பேசுறது கேக்குதான்னு கேப்போம். கேக்குதுன்னு சொல்லுவாங்க" என்றார். இதற்கு ஒரு பரீட்சை, ஒரு உரிமம், மொட்டை மாடியில் ஒரு கம்பம். ஹம்சவேணி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். (அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். நமக்காகத்தான் இங்கே தமிழில்.)

மதுரையைச் சுற்றியுள்ள ஹாம்கள் எல்லாரும் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். துளசிராம்தான் அதற்குக் கண்ட்ரோல். ஒவ்வொருவருடைய கால்சைனையும், அதாவது அரசாங்கம் கொடுத்த அடையாள எழுத்துகளை, வரிசையாகக் கூப்பிடுவார்; அதுதான் ரோல் கால். கூப்பிட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஒருவரைப் பிடிக்கவில்லை என்று கண்ட்ரோல் அவரைத் தாண்டிப் போக முடியாது. வராதவரையும் ஒரு தடவை கூப்பிட்டு, காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போக வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத, அவர்களே வைத்துக்கொண்ட மரியாதை. துளசிராம் சட்டத்தை எப்படி மதித்தாரோ அப்படியே இதையும் மதித்தார்.

இந்த மரியாதையால்தான் அவரும் அவருடைய ஒரே மகள் ரம்யாஸ்ரீயும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரம்யாவும் உரிமக்காரிதான். காலேஜில் படிக்கும்போதே பரீட்சை எழுதிவிட்டாள். நாகமலையில் ஆன்டெனா கட்டிய ஒரு முகாமில் அவள் ஒரு கயிற்றைப் பிடித்தாள், சூர்யபிரகாஷ் மறு கயிற்றைப் பிடித்தான். கம்பம் நிமிர்ந்தது, இரண்டு பேரும் சாய்ந்துவிட்டார்கள். சூர்யபிரகாஷ் வேறு யாருமில்லை, உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த சின்னக்கருப்பனின் மகன். சின்னக்கருப்பனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். அவர் படித்து வாத்தியாரானார், ஹாம் ஆனார், துளசிராமின் உயிர்ச் சிநேகிதரும் ஆனார். பதினைந்து வருஷமாக ரேடியோவில் "வாத்தியாரே, வாத்தியாரே" என்று உருகிய துளசிராம், அவர் வீட்டில் உட்கார்ந்து கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்ட மனிதர், சம்பந்தம் என்று பேச்சு வந்ததும் ஊமையாகிப் போனார். பையன் ரயில்வேயில் இன்ஜினியர், தங்கமான குணம். "நம்ம ஆளுங்க இல்லையே" என்பதைத் தவிர அவரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நாக்பூருக்குப் போய்விட்டார்கள். துளசிராம் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஹம்சவேணி போனாள். திரும்பி வந்து இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினாள். மகள் போன் செய்தால் அவர் எடுத்து, ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, "உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார். சின்னக்கருப்பனை மட்டும் காலையில் வழக்கம்போலக் கூப்பிடுவார். அவரும் வழக்கம்போல "குட்மார்னிங் அண்ணே, நல்லா கேக்குது" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. கிளப்பில் கார்த்திகேஷ் என்று ஒரு கம்ப்யூட்டர்காரப் பையன் சேர்ந்தான். ரேடியோவையும் இன்டர்நெட்டையும் ஒரு சின்னப் பெட்டியால் இணைத்து, வெளியூர் போய்விட்ட உறுப்பினர்களும் கம்ப்யூட்டர் வழியாகக் காலைக் கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லி, துளசிராம் அறையிலேயே அதைப் பொருத்திவிட்டான். எல்லாரும் அதை லிங்க் என்றார்கள். பொருத்திய மறுநாள், உசிலம்பட்டி, வாடிப்பட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் தன் கால்சைனைச் சொன்னது. நாக்பூர் என்றது.

அடுப்படியில் ஹம்சவேணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை செட்டில் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ! ஒரு ஸ்டேஷன் வந்து தன் பெயரைச் சொன்ன பிறகு கண்ட்ரோல் பதில் சொல்லாமல் இருக்கலாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு துளசிராம் சொன்னார்: "நாக்பூர் ஸ்டேஷன், நல்வரவு. சிக்னல் நல்லா இருக்கு. அங்க வெயில் எப்படி?"

வெயில் அதிகம் என்றாள் ரம்யா. ஆரஞ்சுப் பழம் மலிவு என்றாள். ஹம்சவேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குள் தோசை கருகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மூன்று நிமிஷம். மழை, வெயில், கரண்ட் கட், ஆன்டெனாவில் உட்கார்ந்த காக்கா. ஒன்றுக்கும் உதவாத பேச்சு. ஆனால் அந்த ஒன்றுக்கும் உதவாத பேச்சில்தான் தன் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஹம்சவேணிக்குத் தெரியும். இன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் நேரில் பேசாமலா போய்விடுவார்கள் என்று அவள் நம்பியிருந்தாள்.

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது டெல்லியிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை. அமெச்சூர் நிலையங்களை, அதாவது ஹாம் ரேடியோக்களை, இன்டர்நெட்டோடோ தொலைபேசியோடோ இணைக்கக் கூடாது. இணைத்திருப்பவர்கள் உடனே துண்டிக்க வேண்டும். மீறினால் உரிமம் ரத்து.

துளசிராம் அதை இரண்டு தடவை படித்தார். "நாளைக்குக் காலையில சொல்லிட்டு நிறுத்திரணும்" என்றார்.

"எதை?" என்றாள் ஹம்சவேணி, தெரிந்துகொண்டே.

"லிங்க்கை."

"ஏங்க, டெல்லிக்காரன் விளாங்குடிக்கு வந்து உங்க மேசைக்கு அடியில குனிஞ்சு பாக்கப் போறானா? அது பாட்டுக்கு ஓடட்டுமே."

"பாக்க மாட்டான்தான்."

"அப்புறம் என்ன?"

"பாக்க மாட்டான்னு நம்பித்தானே வேணி லைசென்ஸ் கொடுத்திருக்கான்."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? ரம்யாவின் பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் அதே பெயர்தான் அங்கே நின்றது. இருந்தும் நிறுத்தப் போகிறார். அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு துணி துவைக்கப் போனாள். அன்றைக்குத் துணிகள் பாடு பெரும்பாடு.

மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டு, கடைசியில் நாக்பூரைக் கூப்பிட்டார். செய்தியைச் சொன்னார். "இன்னைக்கோட லிங்க் நிக்குது. இதுவரைக்கும் வந்ததுக்கு நன்றி." மகளிடம் சொல்கிற பேச்சா இது? "சரி கண்ட்ரோல். வணக்கம்" என்றாள் ரம்யா. பெட்டியின் விளக்கு அணைந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். அன்றைக்கு அவருக்கு இட்லி கிடைத்தது, சட்னி கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் அவர் வீட்டில் கூடியது. சின்னக்கருப்பனும் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. "என்ன தங்கச்சி, நல்லாருக்கியளா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹம்சவேணி அவருக்கு மட்டும் காபியில் பால் கூடுதலாக ஊற்றினாள்.

கார்த்திகேஷ் கொதித்தான். "அண்ணே, நான் வேற ஊர்ல சர்வர் வச்சு ஓட்டுறேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது." இன்னொருவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். வேறொருவர் உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். கொஞ்ச நேரம் காபியைவிடச் சூடாக இருந்தது கூட்டம்.

"அவுகளுக்கு என்ன பயம்னு முதல்ல யோசிப்போமே" என்றார் சின்னக்கருப்பன். "இன்டர்நெட்டு வழியா எவன் வாரான், லைசென்ஸ் உள்ளவனா இல்லாதவனான்னு தெரியல. அம்புட்டுத்தானே? அதுக்கு நம்ம வழி சொல்லுவோம். லிங்க் ஓடுறப்ப ஒரு ஆள் பக்கத்துல உக்காந்தே இருக்கணும். சந்தேகப்பட்டா அந்த நிமிசமே துண்டிக்க ஒரு சுவிட்ச்சு. வாரவன் கால்சைனைச் சரிபாத்துத்தான் உள்ள விடணும். இத எழுதி அனுப்புவோம். நீங்க நிறுத்தச் சொன்னீக, நிறுத்திட்டோம், இப்பிடி வச்சா உங்களுக்குச் சரியாயிருக்குமான்னு கேப்போம்."

"அதுவரைக்கும்?" என்றான் கார்த்திகேஷ்.

"அதுவரைக்கும் சிற்றலை இருக்கு" என்றார் துளசிராம். "வெளியூர்க்காரங்க சிற்றலையில வரட்டும். அதுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேணாம். ஒரு கம்பி போதும்."

ரம்யாவின் உரிமம், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் இல்லாத வகை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு சிற்றலையில் பேச முடியாது. மோர்ஸ் படித்து மறுபடி பரீட்சை எழுத வேண்டும். எழுதித் தேறினாலும் முதலில் மோர்ஸ்தான் அடிக்கலாம். அதில் நிறையப் பேரோடு பேசிக் காட்டிய பிறகுதான் வாயைத் திறக்க அனுமதி. துளசிராம் தன் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சின்னக்கருப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு போனது. தன்மையாக, ஒரு சுடுசொல் இல்லாமல் எழுதிய மனு. ரம்யாவின் போனும் வந்தது, அதில் தன்மை ஒன்றும் இல்லை.

"அவராத்தானேம்மா நிறுத்தினாரு? நன்றின்னாரு! பேங்க்குல கணக்கை முடிக்கிற மாதிரி! நான் மோர்ஸும் படிக்கல, ஒண்ணும் படிக்கல. அவருக்கு நான் வேணாம்னா எனக்கும் வேணாம்."

ஹம்சவேணிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒருநாள் காலை அறை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ரோல் கால் முடிகிற நேரத்தில், ரம்யாவின் கால்சைன் அவள் காதில் விழுந்தது. துளசிராம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த செட்டில் பேசினால் உசிலம்பட்டியைத் தாண்டுவதே பெரிய காரியம். நாக்பூருக்கு எங்கே கேட்கும்? அவர் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி காத்திருந்தார். "நாக்பூர் ஸ்டேஷன் இன்னைக்கு வரல" என்று சொல்லிவிட்டு முடித்தார். மறுநாளும் இதேதான். லிங்க் நின்ற நாளிலிருந்து தினமும் இதேதான் நடந்திருக்கிறது. அவள் கோபத்தில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஹம்சவேணி ஆறரை மணிக்கே நாக்பூருக்குப் போன் போட்டாள். "பேசாத. சும்மா கேளு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, கார்டுலெஸ் போனை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவின் இடுக்கில் பிடித்தாள். ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கக் கூடாது என்று டெல்லி போட்ட உத்தரவை, அந்த வீட்டில் தன் கையாலேயே மீறியவள் அவள்தான். அது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கெல்லாம் வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள்.

துளசிராம் கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். ஹம்சவேணியின் கை வலித்தது, மாற்றிப் பிடித்தாள். "நாக்பூர் ஸ்டேஷன் இன்னைக்கு வரல" என்று அவர் சொன்னதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"தினமுமா?" என்றாள் ரம்யா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தினமும்தான். வராதவங்களையும் கூப்பிடணுமாம். கிறுக்கு மனுஷன்."

"அம்மா, அந்த மோர்ஸ் தட்டுற சாவி ஒண்ணு அங்க பழசா கிடக்கும்ல? கூரியர்ல அனுப்பு. அவருக்குத் தெரிய வேணாம்."

அவருக்குத் தெரியாமல் அந்த அறையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்க முடியாது. சாவி காணாமல் போனது மறுநாளே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. அலமாரியில் அது இருந்த இடத்தை மட்டும் துடைத்து வைத்தார்.

ரம்யா ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் டிட்-டா என்று முணுமுணுத்துப் படித்தாளாம், பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாளாம். பரீட்சை எழுதினாள். தேறினாள். உரிமம் வர மாதக்கணக்கானது, டெல்லி டெல்லிதான். அப்பார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்கும் மாமரத்துக்கும் நடுவே சூர்யபிரகாஷ் கம்பி கட்டினான். இதற்குள் மனுவுக்கும் பதில் வந்தது. உங்கள் யோசனைகள் பரிசீலனையில் உள்ளன, உடனே துண்டித்துத் தெரிவித்தமைக்குப் பாராட்டு என்று இருந்தது. கார்த்திகேஷ் அதைப் படித்துவிட்டு, "பரிசீலனைன்னா பேரப்பிள்ளை காலத்துல வரும்ணே" என்றான். இருந்தும் அடுத்த கடிதத்தை அவனேதான் எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோல் கால் முடிந்ததும் துளசிராம் சிற்றலை செட்டைப் போட்டார். எந்த நேரம், எந்த அலைவரிசை என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? ஹம்சவேணி சொல்லவில்லை. உசிலம்பட்டி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஹம்சவேணி கதவருகே நின்றாள். இரைச்சலுக்கு நடுவே மெலிசாக, தட்டுத் தடுமாறி, கீச்சு கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. முன்பு மகளின் குரலாவது கேட்டது. இப்போது இது. ஒரு எழுத்தும் அவளுக்குப் புரியவில்லை. கணவரின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

அவர் சாவியைத் தட்டினார். அந்தப் பக்கம் பதில் வந்தது. மறுபடி இவர் தட்டினார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுகிற நிதானத்தில் நீளமாக எதையோ அடித்தார். நிறுத்தினார். வெறும் இரைச்சல். பின்பு அங்கிருந்து ஒரே மாதிரியான ஒரு சின்னத் தட்டல், திரும்பத் திரும்ப, நிற்காமல் வந்தது. துளசிராம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க சொன்னா?"

"சிக்னல் எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருக்குன்னேன்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார்.

இம்புட்டுப் பாடும் இதற்குத்தானா? ஹம்சவேணிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஹாலில் போன் அடித்தது. உசிலம்பட்டியிலிருந்து சின்னக்கருப்பன்.

"தங்கச்சி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"குளிக்கிறாருண்ணே. நீங்களும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ரேடியோவுல எல்லாந்தான் எல்லாருக்கும் கேக்குமே. அவரு என்ன அடிச்சாருன்னு சொன்னாரா?"

"சிக்னல் நல்லா இருக்குன்னாராம்."

சின்னக்கருப்பன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "'ரம்யா, வீட்டுக்கு வா. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்.' இத அடிச்சாரு தங்கச்சி. வாயால வராதது கையில வந்துருச்சு. புள்ள பதிலுக்கு, செய்தி கிடைச்சதுங்கிறதுக்கு ஒரு எழுத்து அடிச்சா. ஒரு தடவை அடிச்சாப் போதும். அவ நிறுத்தவே இல்ல."

ஹம்சவேணி குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு, தங்கச்சி. அவரு உங்க பாசையில அடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது. அப்பனும் மகளுமா முடிச்சிருக்கலாம். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்னு அவருக்குத் தெரியும். தமிழ்ல அடிச்சாரு. மாப்பிள்ளைன்னு அடிச்சாரு."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருப்பார் என்று ஹம்சவேணிக்குத் தெரியும். அவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"பிள்ளைங்க வாரப்ப நீங்களும் மாப்பிள்ளையோட அம்மாவும் இங்க இருக்கணும், சம்பந்தி. விருந்து நம்ம வீட்லதான்."

ஹம்சவேணி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாரோம்" என்றார் சின்னக்கருப்பன்.